அடிபிடித்த வாசம்

டெபுடி அம்மா, பீர் காய்ச்சுவது கஞ்சி காய்ச்சுவது மாதிரிதான். அடிபிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். நடந்ததை என் கையாலேயே வாக்குமூலமாக எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். நாற்பத்தெட்டு வயதில்தான் நூலகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன், கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

முப்பத்தொரு வருஷம் பவுண்டரியில் இரும்பு ஊற்றினேன். முதுகு போயிற்று. மூக்கு அதற்கு முன்பே போய்விட்டது. காப்பி, மழை, நாய், எதுவும் எனக்கு மணக்காது. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நான் வேலையை விட்டு நின்றதும் என் மனைவி டோரீன் இந்த மெஷினை வாங்கிக் கொடுத்தாள். "கீழ் ரூம்ல எதையாவது நோண்டிக்கிட்டிருங்க, என் காலைச் சுத்தாதீங்க" என்றாள்.

பால் கேன் உயரத்தில் ஒற்றை எவர்சில்வர் பாத்திரம், மின்சாரத்தில் ஓடுவது. அடியில் ஹீட்டர். உள்ளே ஒரு கூடை, அதில் உடைத்த மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. அடியில் இறங்கும் சாற்றைப் பம்பு மேலே கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருக்கும். நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம், பிறகு கூடையைத் தூக்கிவிட்டு ஒரு மணி நேரம் கொதி. அவ்வளவுதான்.

எங்கள் பீர் சங்கம் மாதத்தின் முதல் செவ்வாய் பவுலிங் கூடத்தின் பின்னறையில் கூடும். பாட்டிலில் பெயர் இருக்காது, நம்பர்தான். நடுவர் குடித்துப் பார்த்து ஐம்பதுக்கு எத்தனை என்று தாளில் எழுதுவார். டோரீன் துணையில்லாமல் நானே முதன்முதலாக வாசித்த தாள் அதுதான். பத்தொன்பது மார்க். கீழே, "அடிபிடித்த வாசம். வேறு குறை இல்லை." கையெழுத்தை வைத்து லெலண்ட் ஹூபர் என்று தெரிந்துகொண்டேன்.

லெலண்ட் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. சீஸ் ஆலையில் தரம் பார்ப்பவர், மாநில லைசென்ஸ் வைத்திருப்பவர். சீஸ் கட்டியில் இரும்புக் குழலைச் செருகி எடுத்து மூக்கருகே வைத்தால், மாடு என்ன தின்றது என்று சொல்லிவிடுவார். அந்த மூக்குதான் அவருக்குச் சோறு போட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் அதைவிட நல்ல மூக்கு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன், அதை யாரும் மறந்துவிடக் கூடாது.

அந்தத் தாளுக்குப் பிறகு மெஷினைத் திருத்த ஆரம்பித்தேன். அடியில் மாவு தீய்ந்தால் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். மறுபடி ஏற்ற ஒரு பொத்தான் உண்டு. அது பாத்திரத்துக்கு அடிப்பக்கம் இருக்கிறது. அதை அழுத்த எட்டு காலன் கொதிக்கும் சாற்றைச் சாய்க்க வேண்டும். அதை அங்கே வைத்தவருக்கு முதுகு நன்றாக இருந்திருக்கும். நான் பொத்தானைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். பிறகு ஹீட்டர் அணையவே இல்லை. பவுண்டரியில் உலைக்குச் சுற்றும் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, படகுக்குப் பூசும் பிசினால் வெளியே ஒட்டினேன். குளிர் காற்று வராமல் ஜன்னலையும் அடைத்தேன். மால்ட்டை மிக நைசாக அரைத்தேன். வார்ப்புக்கு மணல் எவ்வளவு நைசோ அவ்வளவு நல்ல இரும்பு வரும். இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த மாதம் பதினாறு மார்க். அதற்கடுத்த மாதம் பதினொன்று.

ஜனவரியில் டோரீனின் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். டோரீன் மூன்று வாரம் கிரீன் பே போனாள். அவள் போன மறுநாள் லெலண்டை மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டேன். அவர் சந்தோஷமாக நடந்தே வந்தார், கையில் ஒரு பை சீஸ் துண்டுகள்.

படியிறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். "யோவ் விர்ஜில், என்னய்யா இது, டயரை எரிக்கிறியா?"

பிறகு கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இப்படி மாவா அரைச்சா அடிபிடிக்காம என்ன செய்யும்? ரவை மாதிரி உடை, போதும். பொத்தான் எங்கே?"

"கழட்டிட்டேன். சும்மா சும்மா அணைஞ்சுது."

"சும்மா இல்லய்யா. அடிபிடிக்குதுன்னு அது உன்கிட்ட சொல்லுது. நீ அதோட வாயைக் கட்டிட்டே."

நல்ல மனிதர், ஆனால் பவுண்டரியில் வேலை செய்தவர் இல்லை. ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு மெஷினைக் குறை சொல்வது சரியில்லை என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் கூட இருந்து பார்த்தால் தெரியும். அதனால் அவரைக் கூட இருக்க வைத்தேன்.

பீர் புளிக்கவென்று நான் கட்டிய சின்ன அறை மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரவும் பகலும் அறுபத்தாறு டிகிரி. இவ்வளவு சீரான சூட்டில் நான் எந்த விருந்தாளியையும் வைத்ததில்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அது முன்பே இருந்தது. பீருக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் தேவையில்லை.

முதல் இரண்டு நாள் நிறையக் கத்தினார். பம்பு சத்தத்தில் எனக்கு அதிகம் கேட்கவில்லை. உறைந்த ஏரியின்மேல் அவர் போட்டிருந்த மீன்பிடிக் குடிசை பூட்டாமல் கிடந்ததால், பனி உடைந்து தண்ணீரில் விழுந்திருப்பார் என்று ஊரே தேடியது. நானும் இரண்டு நாள் போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டுத் தேடினேன். என் துளைகள்தான் வட்டமாக வந்தன என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள்.

பீர் புளிக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்காமல் காய்ச்சிய சாற்றையே ஒரு குவளையில் கொடுத்து, தாளும் கொடுத்தேன். "அடிபிடித்த வாசம்" என்று எழுதினார். நான் இன்னொரு போர்வை சுற்றினேன். இரண்டாவது தடவை, "பிசின் எரிகிறது, தயவுசெய்து கதவைத் திற" என்று எழுதினார். அது மார்க் போடும் இடம், கடிதம் எழுதும் இடமில்லை. ஆனாலும் பிசினை இன்னும் தடிப்பாகப் பூசினேன். புகை இருந்திருக்க வேண்டும், என் கண் எரிந்தது. மூக்குக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சூப்பும், வெள்ளிக்கிழமை ஊர் வழக்கப்படி மறக்காமல் வறுத்த மீனும் கொடுத்தேன்.

"விர்ஜில், நான் நாற்பத்தஞ்சு போடுறேன்யா. ஐம்பதே போடுறேன். விட்டுடு."

"பொய் மார்க் எனக்கு வேண்டாம் லெலண்ட். உங்க மூக்கு என்ன சொல்லுதோ அதை எழுதுங்க."

ஏழாவது தடவை காய்ச்சியபோது அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். எட்டாவதுக்கு, "லேசாக" என்று மட்டும் எழுதினார். பத்தொன்பதாவது நாள் ஒன்பதாவது தடவை காய்ச்சினேன். குவளையை வாங்கினார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். சட்டைப் பையில் வைத்திருந்த சீஸ் துண்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் கையை முகர்ந்தார்.

"ஒண்ணும் தெரியல விர்ஜில். எதுவுமே தெரியல."

"அடிபிடிச்ச வாசம்?"

"இல்ல."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். தாளில் ஈரம் பட்டு ஒரு எழுத்து கலைந்திருக்கிறது, ஆனால் படிக்கலாம்.

அன்று சாயங்காலம் டோரீன் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். வாசல் கதவைத் திறந்ததும், "என்னங்க கருகுது?" என்றாள். வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும். பத்தொன்பது நாள் இருந்து பார்த்திருந்தால் அவளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். இருக்கச் சொல்லித்தான் கேட்டேன். அவள் கீழே எட்டிப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டாள்.

ஆக, லெலண்டை அடைத்து வைத்தது நான்தான். தாழ்ப்பாள் போட்டது நான்தான். ஒரு போர்வையையும் அவர் கேட்டபடி கழற்றவில்லை. அவர் மூக்குக்கு வாசம் இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னதாகவும், ஆலையிலிருந்து கொண்டுவந்த செடார் சீஸ் கட்டியை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் அழுததாகவும் சொன்னீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. நான் இருபது வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன், ஒரு தடவைகூட அழவில்லை.

அந்த ஒன்பதாவது தாளைச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். ஈரம் படாமல் வையுங்கள், மார்ச்சில் போட்டி இருக்கிறது. இந்த மாநிலத்திலேயே நல்ல மூக்கு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது, அடிபிடித்த வாசம் இல்லை என்று.