யானையை நான்தான் வைத்தேன்

நல்ல நாற்காலி கிடைத்தால் ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருவேன் சார். இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பரவாயில்லை, சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். செஸ் ஆடும் ப்ரோகிராமுக்குக் கை கிடையாது. போட்டியில் அதன் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து, திரையில் வருகிற நகர்த்தலை அப்படியே பலகையில் வைக்க வேண்டும். திரை அவன் பக்கம் மட்டும்தான் திரும்பியிருக்கும். அந்த ஆள் நான். கம்பெனியில் எனக்குப் பெயரே ‘கை’தான்.

இப்போதெல்லாம் எந்த மனிதனும் சமமாக உட்கார்ந்து ப்ரோகிராமை ஜெயிக்க முடியாது. அதனால் அது ஒரு குதிரையை விட்டுக்கொடுத்துத்தான் ஆடும். தினமும் காலையில் காய்களை அடுக்கிவிட்டு, எங்கள் பக்கத்துக் குதிரை ஒன்றை எடுத்துப் பெட்டியில் போடுவேன். எதிரே உட்கார்ந்திருக்கும் சாம்பியன் அதைப் பார்த்துச் சிரிப்பான். சாம்பியன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன்.

“என்னடா, உன் முதலாளி இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் வர்றாரா?”

“நொண்டினாலும் நேத்து உன்னை ஓட ஓட விரட்டுச்சே.”

“அது விரட்டுச்சு, சரி. உனக்கு ஏன்டா மூச்சு வாங்குது? பல்லக்குத் தூக்குறவன் ராஜா மாதிரி பேசக்கூடாது.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எட்டு வயதிலிருந்து அவனோடு ஆடுகிறேன். இப்போது நாற்பத்திரண்டு. ஒரு ஆட்டம் ஜெயித்ததில்லை, டிரா கூடக் கிடையாது. “விடுங்க தம்பி, வீட்டுச் சண்டையில என்னையே ஒரு தடவை ஜெயிக்க விட்டதில்ல” என்று அண்ணி சமாதானம் சொல்வாள். எனக்குச் சமாதானம் வேண்டாம். ஒரே ஒரு வெற்றி போதும். பேராசை என்று சொல்ல முடியாதல்லவா?

ஆறு ஆட்டப் போட்டி. ஐந்து முடிந்தபோது சமநிலை. கடைசி ஆட்டத்தில் அண்ணன் ஏறி அடித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழாவது நகர்த்தலுக்கு, ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைக்கும்படி திரை சொன்னது. நான் அதைச் செய்யவில்லை. யானையைத் தூக்கி அவன் ராணியின் வாய்க்கு நேராக வைத்து, ப்ரோகிராமிலும் அதையே பதிந்துவிட்டேன். பின்னால் பொறி எதுவும் இல்லை, வெறும் தானம். வெட்டினால் எங்கள் ஆட்டம் காலி.

மனிதன் வைத்திருந்தால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருப்பான். ஆனால் ப்ரோகிராம் பூச்சாண்டி காட்டாது, காரணமில்லாமல் எதையும் தராது என்பது ஆட்டக்காரர்களுக்கு வேதவாக்கு. நாற்பது நிமிடம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி வியர்த்தது. பிறகு வெட்டாமல் ராணியைப் பின்னுக்கு இழுத்தான். மிச்சத்தை ப்ரோகிராமே முடித்துவிட்டது.

தோற்றவனுக்குத் தெரியாத வெற்றி என்ன வெற்றி? அதனால் நான்தான் அவனை அரங்கத்தின் பின்பக்க இரும்புப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். மாலை நாலரை மணி. யாருமில்லை.

“அண்ணா, அந்த யானை...”

“தெரியும்டா” என்றான். “மெஷினோட நகர்த்தல்னா வச்சுட்டு ஸ்கிரீனைப் பார்ப்ப. யானையை வச்சுட்டு என் மூஞ்சியைப் பார்த்த.”

“அப்புறம் ஏன் வெட்டல?”

“வெட்டினா, அவ்வளவு பெரிய மெஷின் எப்படிச் சும்மா யானையைக் குடுத்துச்சுன்னு உங்க ஆளுங்க நோண்ட மாட்டாங்களா? உன் பொழப்பு போயிடும்டா. அதைத்தான் நாப்பது நிமிஷம் யோசிச்சேன். விடு, ஒரு மேட்ச்தானே.”

என் தோளில் தட்டினான். அந்தக் கை தோளில் இருக்கும்போதே தள்ளினேன். கோபம் இல்லை சார். அவன் அதற்கு மேல் பேசாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பதினாறு படி. கீழே விழுந்தபோது உயிர் இருந்தது. “தம்பி” என்று இரண்டு தடவை கூப்பிட்டான். போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. மேல்படியில் உட்கார்ந்து, ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து மனதுக்குள் ஆடிப் பார்த்தேன். விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறானே, உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டாமா? இதையெல்லாம் பதற்றத்தில் செய்ய முடியாது. இரண்டு முறை ஆடி முடித்தேன். அதற்குள் கீழே சத்தம் நின்றிருந்தது.

தள்ளியதும் நான்தான், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி தப்பு. ‘தம்பியின் வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றே தோற்றார்’ என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அந்த நாற்பது நிமிடமும் அவன் என்னைக் கண்டு பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தான்.