கச்சான் ஓட்டிய கார்

பிள்ளைகளே, துறைமுகத்துக்கு சைக்கிளில் இருபதே நிமிடத்தில் போய்விடுவேன் என்று உங்களிடம் பெருமை அடிப்பேன் அல்லவா? நேற்று திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கார் பந்தயம் ஓட்டுபவர். மற்றவர் அவருடைய மச்சான், மெக்கானிக். அவர் மடியில் காரின் பின் அச்சுக்கான பல்சக்கரங்கள் இரண்டு ஜோடி இருந்தன.

"ஞாயித்துக்கிழமைப் பந்தயத்துலயும் கடைசியா வந்தேன்னா உம்ம தங்கச்சி காரைக் கோழிக்கூடா ஆக்கிருவா. நேர் ரோட்ல பறக்குத ஜோடியப் போடும், மச்சான்."

"அது வேகம் எடுக்கவே நேரமாவும், மாப்ள. அங்க பூரா வளைவு. வளைவுல இருந்து துள்ளிக் கெளம்புத ஜோடிதான் வேணும்."

"உப்பளத்து ரோட்ல ஸ்பீடு முள்ளு கடைசி வரைக்கும் போச்சே, நீரும் பாத்தீருல்லா?"

"துறைமுகத்தப் பாத்துப் போகையில போச்சு. மேக்க இருந்து கச்சான் காத்து முதுகுல அறைஞ்சிச்சு. திரும்பி வரையில?"

"வரையில... மீன் வண்டிக்குப் பின்னால உருட்டிட்டு வந்தோம்."

"அப்ப ஓட்டுனது நீரு இல்ல, காத்து. பந்தயத்துக்கு அதையும் சாக்குல கட்டிக் கொண்டு போவீரா?"

கண்டக்டரே சிரித்துவிட்டார்.  ஆறுமுகநேரியில் இறங்கும்போது பந்தயக்காரர் சொன்னார்: "துள்ளுததையே போடும். உம்ம தங்கச்சிகிட்ட காத்துக் கதையச் சொல்லிராதேயும்."

இன்று காலை நீங்கள் எழும்புமுன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு துறைமுகம் போனேன். இருபது நிமிடம்தான். திரும்பும்போதும் மணி பார்த்துக்கொண்டேன். பாதி வழியில் எதிர்க்காற்றில் மிதிக்க முடியாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.