ஜெற்றூட் என்றொரு பேர்

— மாத்து எண்டால் மாத்து. இப்பவே போனை எடுத்துச் சுவாமிக்கு அடி. வாற ஞாயிறு ஞானஸ்நானத்துக்கு வேற பேர் எண்டு சொல்லு.

— அம்மா, முதல் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்து இருங்கோ. மூச்சு வாங்குது உங்களுக்கு.

— வாங்காதோ? லாசாலில இருந்து இந்த இல்-பிசாருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்சில வந்து பார், உனக்கும் வாங்கும். பூசை முடிஞ்சு வாசல்ல நிக்கிறன். சுவாமி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கிறார். “சந்தோசம், உங்கட வீட்டில இன்னொரு ஜெற்றூட்” எண்டுறார். நான் பேய் மாதிரி முழிக்கிறன். பக்கத்தில நிண்ட அஞ்சலீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சொந்தப் பேத்தியின்ர பேரை ஊர்ச்சனத்துக்கு முன்னால கேட்டு அறியவேண்டிக் கிடக்கு எனக்கு!

— சுவாமி அவசரப்பட்டிட்டார். ஞானஸ்நானத்தண்டைக்கு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள்.

— மூண்டு கிழமையா “குட்டி, குட்டி” எண்டு கூப்பிட்டு என்னைப் பேய்க்காட்டிப்போட்டியள். “பேர் இன்னும் யோசிக்கேல்லை அம்மா” எண்டு எனக்கு முகத்துக்கு நேர சொன்னனி. எடியே, உனக்கு நான் றொசானா எண்டு எவ்வளவு வடிவான பேர் வைச்சனான்! பெத்த பிள்ளைக்கு உப்பிடி ஒண்டை வைக்க உனக்கு மனம் எப்பிடி வந்தது?

— உப்பிடி எண்டா எப்பிடி? அது உங்கட பேர் அம்மா!

— என்ர பேர் எண்டபடியாத்தான் சொல்லுறன். நான் பட்டது காணும். கவுண்மேந்துப் பதிவுக்கும் எழுதிக் குடுத்தாச்சோ?

— இன்னும் இல்லை. அடுத்த கிழமை.

— நல்லது. மாதாவே, அந்த மட்டிலயாவது தப்பினன்.

— மே நோன், இல்லை அம்மா! தப்பிறதுக்கு என்ன கிடக்கு? அந்தப் பேருக்கு என்ன குறை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.

— குறையோ? என்ர அப்பு செய்த வேலை. அவருக்குப் பிள்ளை பிறந்தா உடனை கோயில் கலண்டரைப் பாக்கோணும். அண்டைக்கு எந்தப் புனிதற்ற திருநாளோ அந்தப் பேர்தான். வாய்க்குள்ள நுழையுதோ இல்லையோ, அவருக்குக் கவலையில்லை. மூண்டு நாள் பிந்திப் பிறந்திருந்தா நான் எலிசபெத்து. ராணியின்ர பேரோட வந்து கனடாவில இறங்கியிருப்பன். அவசரப்பட்டுப் பிறந்து நாசமாப் போனன்.

— அந்தப் பேர் என்னெண்டு தெரியுமே உங்களுக்கு? பழைய ஜெர்மன் ஆக்களின்ர பேர். “ஜேர்” எண்டா ஈட்டி. “த்றூட்” எண்டா பலம். ஈட்டி மாதிரிப் பலமான பொம்பிளை. பேந்து அங்க ஒரு மடத்தில அந்தப் பேரில ஒரு கன்னியாஸ்திரி இருந்தவ. பெரிய படிப்பாளி, லத்தீனில எழுதினவ. அவதான் உங்கட கலண்டரில இருக்கிறவ. எத்தினை நூறு வருசம் கடந்து, எத்தினை கடல் தாண்டி, எங்கட ஊர் இளவாலையில ஒரு பிள்ளைக்கு வந்து சேந்த பேர். இதை நான் விடோணுமோ?

— ஈட்டியும் பூட்டியும். பேரில இருந்த பலம் எனக்கு எங்க வந்தது? சண்டைச் சாமான் எல்லாம் ஊரில போதுமட்டும் பாத்தாச்சு.

— விளங்காத மாதிரிக் கதைக்காதேங்கோ.

— எனக்கு விளங்குது. உனக்குத்தான் விளங்கேல்லை. நான் அஹுன்ட்சிக்கில வயசுபோன ஆக்களை வைச்சுப் பாக்கிற வீட்டில துப்பரவு வேலை செய்தனான், ஞாபகமோ? பிரெஞ்சுக்காரற்ற வாயில என்ர பேர் ஷெற்றூட். அந்த மாடியில எத்தினை ஷெற்றூட் தெரியுமே? கதவுக்குக் கதவு. ஒருத்திக்குப் பல் இல்லை, ஒருத்திக்கு நினைவு இல்லை. நான் வாளியோட உள்ள போனா, என்ர சட்டையில குத்தின பேரைப் பாத்திட்டு அந்தக் கிழவியள், “நீயுமோ?” எண்டு கேக்குங்கள். அந்தப் பேர் அவையளோட முடியிற பேர். அதைத் தூக்கிக் கொண்டுவந்து பால்குடிப் பிள்ளையின்ர தலையில வைக்கிறாய்.

— முடியேல்லை. அதைத்தான் சொல்ல வாறன். நான் கார்தெறியில சின்னப்பிள்ளையளைப் பாக்கிற வேலை செய்யிறனான், ஒவ்வொருநாளும் பிள்ளையளின்ர பேரைக் கூப்பிடுறனான். நான் சின்னனா இருக்கேக்க வகுப்பு முழுக்க ஜெசிக்கா, வனெசா. இப்ப ஆர் இருக்கினம்? சிமோன், லெயோனி, மத்தில்ட், ஆலிஸ். எல்லாம் உங்கட மாடியில கதவில ஒட்டியிருந்த பேர்கள். மத்தில்டும் ஆலிசும்கூட அந்த ஜெர்மன் வழிப் பேர்தான். இந்த நாட்டில வீட்டுக்கு ஒரு ஷெற்றூட் இருந்த காலமும் இருந்தது. பேந்து சனம் கைவிட்டுட்டுது. இப்ப பழம்பேர் எல்லாம் ஒவ்வொண்டாத் திரும்பி வருது.

— ஷெற்றூட் வந்திட்டுதோ?

— ... இன்னும் இல்லை.

— பாத்தியே!

— வரும்.

— வருமோ வராதோ எண்டு பாக்க உன்ர பிள்ளையை முன்னுக்கு அனுப்புறியோ? பள்ளிக்கூடத்தில அதுகள் சிரிக்கேக்க நீ போய்ப் பக்கத்தில நிப்பியோ?

— நிப்பன். நீங்கள் எனக்கு நிண்டனீங்களோ அம்மா? சொல்லட்டே? என்ர பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு வந்தா, ரீச்சர் உங்கட பேரைக் கேக்க “மேரி” எண்டுதானே சொன்னனீங்கள். எனக்குப் பத்து வயசு மட்டும் என்ர அம்மாவின்ர பேர் மேரி எண்டுதான் தெரியும். உங்கட பேரை நீங்களே ஒளிச்சு வைச்சிட்டு, இப்ப என்னோட வந்து கத்துறியள்!

— ஒளிச்சனான்தான்! ஏன் ஒளிச்சனான் எண்டு கேளன். லாசாலில மீன் பக்கற் போடுற பக்டறி. நீ பிறக்க முதல். அங்க ஒரு பழைய மிசின், நாளுக்கு நாலுதரம் நிக்கும். நான் வேலைக்குச் சேந்த கிழமை, போர்மன் என்ர பேரை வாசிச்சான். விழுந்து விழுந்து சிரிச்சான். “இது என்ர பாட்டியின்ர பேரெல்லோ, எங்க களவெடுத்தனி?” எண்டான். அடுத்தநாள் அந்த மிசினுக்கு அந்தப் பேரை வைச்சிட்டாங்கள்.

— என்ன?

— ஓம். “ஷெற்றூட் பழுதாப் போட்டாள், உதைச்சு விடுங்கோடா!” எண்டு கத்துவாங்கள். நான் திரும்பிப் பாப்பன். என்ர பேர்தானே, என்னை அறியாமத் திரும்பும் தலை. லைன் முழுக்கச் சிரிக்கும். ஒவ்வொருநாளும் திரும்பினன், ஒவ்வொருநாளும் சிரிச்சாங்கள். ஐஸ்மீனுக்குள்ள கையை வைச்சுக்கொண்டு அழுதனான். இப்ப சொல்லு, ஈட்டியோ அது?

— எனக்கு நீங்கள் இதைச் சொல்லவே இல்லையே அம்மா.

— என்னெண்டு சொல்லுறது? பெருமையோ? எல்லாம் உன்ர புருசன்ர மூளை. அனுஜனுக்கு எல்லாத்திலையும் ஒரு புதுமை வேணும். தாடி ஒருவிதம், சப்பாத்து ஒருவிதம், இப்ப பிள்ளைக்குப் பேரும் ஒருவிதம். வேலையால வரட்டும் அவர், நாலு கேள்வி கேக்கிறன்.

— அனுஜனை இழுக்காதேங்கோ. அவருக்குச் சம்பந்தமில்லை.

— அப்ப நீ தனியச் செய்த வேலையோ?

— நானும் இல்லை.

— நீயும் இல்லை, அவரும் இல்லை. அப்ப ஆர், சம்மனசு வந்து சொன்னவரோ?

— இஞ்சேரும், பிள்ளையைப் பேசாதையும். இந்தப் பேரை வைக்கச் சொல்லி நான்தான் கேட்டனான்.

— ஆர், நீங்களோ?

— அப்பா, நீங்கள் குட்டியோட மேல நில்லுங்கோ எண்டெல்லே சொன்னனான்.

— நீ விடு றொசானா. உன்ர தாயின்ர சத்தத்துக்கு இவளும் எழும்பிட்டாள். ஓம், நான்தான். முதல்நாள் ஆஸ்பத்திரியில இவளைக் கையில வாங்கின உடனை கேட்டனான். மகள் ஓமெண்டிட்டாள்.

— இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ? அந்தப் பக்டறியில நீங்களும் நிண்டனீங்கள்! எனக்கு மற்றப் பக்கத்தில பெட்டி கட்டிக்கொண்டு நிண்டனீங்கள்! எல்லாத்தையும் கேட்டனீங்கள்!

— கேட்டனான்.

— வாய் திறந்தனீங்களோ?

— இல்லை. இஞ்ச இருக்கிறதுக்குப் பேப்பர் கிடைக்காத நேரம். வேலை போனா...

— அந்தக் கதையை விடுங்கோ. அது எனக்கும் தெரியும். இப்ப எதுக்கு அந்தப் பேர்? அதைச் சொல்லுங்கோ.

— எனக்கு... கூப்பிட ஆசையா இருந்தது.

— என்ன சொல்லுறார் இவர்?

— அப்பாவைக் கதைக்க விடுங்கோ அம்மா.

— நான் உம்மை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சேரும், இஞ்ச பாரும், பிள்ளையின்ர தாய். இவ்வளவுதான். என்ர அப்பரும் ஆச்சியை அப்பிடித்தான். புருசன் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்கட பக்கத்தில ஒரு மாதிரிப் பாப்பினம். உம்மட வீட்டிலயும் கிளி எண்டுதானே கூப்பிட்டவை. அந்தப் பேரைக் கூப்பிட்டது முழுக்கப் பிறத்தியார். நக்கலுக்கும் வேலைக்கும் கூப்பிட்டவங்கள். அதை நினைச்சா எனக்கு நித்திரை வாறேல்லை. இந்த வயசில திடீரெண்டு உம்மைக் கூப்பிட வெக்கமாக் கிடக்கு, வாய் வருகுதில்லை. பேத்தியெண்டா கூப்பிடலாம், ஆரும் சிரிக்க மாட்டினம். எங்கட வீட்டில ஒருத்தராவது அதை அன்பாச் சொல்லோணும்.

— நீங்கள் பக்கத்தில இல்லாத நேரம், அப்பா அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறவர் அம்மா. நான் கதவுக்கு இஞ்சால நிண்டு கேட்டிருக்கிறன். அதுக்குப் பிறகு எனக்கு வேற பேர் வைக்க மனம் வரேல்லை.

— இவளை?

— ஓம்.

— மூண்டு கிழமைப் பிள்ளையை?

— ஓம், இஞ்சேரும். கோவிக்காதையும். வேண்டாமெண்டா மாத்துவம். நானே சுவாமிக்கு அடிக்கிறன்.

— வையுங்கோ போனை! முப்பத்தஞ்சு வருசம் உங்களுக்குச் சோறு போட்டு, ரெண்டு வேலைக்கு ஓடி, உங்கட நெஞ்சு வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்து விடிய விடிய முழிச்சவள் நான். அப்பவும் “இஞ்சேரும்”தான். மிசினை என்ர பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கள், கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். இப்ப கழுத்து நிக்காத பிள்ளைக்கு உங்களுக்கு வாய் வருதோ?

— அம்மா, அப்பா அழுகிறார்...

— அழட்டும்! றொசானா, குட்டியை அவற்ற கையில இருந்து வாங்கு. சுவாமிக்கு ஒருத்தரும் அடிக்க வேண்டாம், பேர் அவளுக்கே இருக்கட்டும்.

— அப்ப பேந்து என்ன கோவம் உங்களுக்கு?

— நீ சும்மா இரு பிள்ளை. இஞ்சாருங்கோ, என்னை நிமிந்து பாருங்கோ. அவள் கிடக்கட்டும், அவளுக்கு நாள் கிடக்கு. முதல் என்னைக் கூப்பிடுங்கோ.