காட்டாத முதுகு

எனக்கு வயது எழுபத்துநாலு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். எழுத்து கொஞ்சந்தான் வரும். காது நன்றாகக் கேட்கும்.

லண்டனில் வால்தம்ஸ்டோ போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இளையவன் சொன்னான்:

"என்ர முதுகைப் பாக்காமலே, இலங்கையில ஆமி பிடிச்ச ஆக்களை அடிக்கிறேல்லையெண்டு எழுதி, என்ர அகதி மனுவைத் தள்ளிப்போட்டாங்கள் அண்ணை. என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்களாம்."

"நீ முதுகைக் காட்டினனியே?"

"மொழிபெயர்க்க வந்தவ அம்மான்ர வயசு. அவவுக்கு முன்னால எப்பிடிச் சேட்டைக் கழட்டுறது?"

மூத்தவர் சிரித்தார். "அட விசரா! கோயிலுக்குள்ள எத்தினை அம்மாமாருக்கு முன்னால சேட்டில்லாமல் நிக்கிறம்?"

"ஆமி முகாமால வந்தாப்பிறகு நான் கோயிலுக்குள்ள போகேல்லை அண்ணை. வாசல்ல நிண்டு கும்பிட்டிட்டு வந்திடுவன்."

மூத்தவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பீல் விசாரணை எப்ப?"

"வாற திங்கள்."

"அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா. நானும் சேட்டைக் கழட்டிப்போட்டு உனக்குப் பின்னால நிக்கிறன்."

இளையவன் மெல்லச் சொன்னான்: "அங்க ஏலுமெண்டால், திங்களும் ஏலும் அண்ணை."

குஞ்சு, நீ என் பேத்தியல்லவா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு. அந்தப் பெடியன் பேசுகிற இடங்களில் மெதுவாக வாசி.