தனிக்கூண்டுக்குப் போகாத கோழிக்காரன்

பெருமைக்குரிய தலைவர் சுவாமிநாதன் அவர்களே! புற்றுநோயோடு மல்லுக்கட்டி, இன்று இந்த மல்லசமுத்திரம் மண்டபத்தில் மலர்ந்த முகத்தோடு அமர்ந்திருக்கும் என் தோழர்களே! எங்களுக்குக் கஞ்சி ஊட்டிக் காத்த தாய்மார்களே! எங்கள் அடத்தையெல்லாம் பொறுத்துக்கொண்ட டாக்டர் பிரீத்தி அம்மா அவர்களே! 'தடுப்பூசி போடலாம்' என்று அந்த அம்மா எழுதிக்கொடுத்த சீட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டைக்குப் பொத்தானும் பூட்டிக்கொண்டு, முன்வரிசையில் முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஜலகண்டாபுரத்து நெசவாளர், என் கீமோ அறைக் கூட்டாளி கந்தப்பண்ணன் அவர்களே! கோழிப்பண்ணைக்காரன் செங்கோடனின் கும்பிடு உங்கள் எல்லோருக்கும்!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், அதற்குத்தானே வந்தேன்!

நாற்பதாயிரம் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த கை இது! நாள் தவறாமல், நேரம் தவறாமல், ஒரு குஞ்சு தவறாமல் கொடுத்த கை இது! போன ஆண்டு என் கழுத்துக் கட்டி புற்றுநோய் என்றானது. "ஃப்ளூ காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் ஊசி போட்டுக்கோணும்" என்றார் டாக்டரம்மா. அப்போது இந்தக் கை என்ன செய்தது? ஆளை விடுங்கள் என்று கும்பிட்டது!

ஏன் தெரியுமா? சுணங்கின கோழிக்கு, அதாவது நோயில் சோர்ந்துபோன கோழிக்கு, நாங்கள் ஊசி போடமாட்டோம். அது பண்ணைப் பழக்கம். அந்தப் புத்தியை அப்படியே என் உடம்புக்கும் போட்டேன். "நானே சுணங்கின கோழிங்க, என்னைய உட்டுருங்க" என்றேன். என் மனைவி உஷாராணி கெஞ்சினாள், நான் அசையவில்லை.

ஆனால் அதிலிருந்து மூன்றாம் மாதம் என் ஒரே மகள் யுவஸ்ரீக்குக் கல்யாணம். ஆயிரம் பேர் கூடும் கூட்டம். தாரை வார்க்க வேண்டியவன் நான். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, சுணங்கின கோழிய என்னங்க பண்ணுவீங்க?"

"தனிக்கூண்டுல போட்ருவேனுங்க."

"அப்ப யுவஸ்ரீ கல்யாணத்தன்னைக்கு உங்களை எந்தக் கூண்டுல போடறதுங்க?"

அடேயப்பா! கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, "சுணங்கின ஒடம்புக்கு ஊசி ஆகுமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் விளக்கினார்: "உசுருள்ள கிருமியில செஞ்ச ஊசி இப்ப உங்களுக்கு ஆகாதுங்க. இது உசுரில்லாதது. ரத்தத்தைப் பாத்துட்டு, தோதான நாள்ல போடலாமுங்க. ஊட்டுல இருக்கறவங்களும் போட்டுக்கோணும்."

போட்டேன்! வீடே போட்டது! இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். ஊசி போட்டால் எதுவுமே வராது என்று நான் புளுகமாட்டேன். முகக்கவசமும் மாட்டினேன், மொட்டைத் தலைக்குத் தலைப்பாகையும் கட்டினேன். இதே மண்டபத்தில், இதே மேடையில், என் மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தேன். அழுதேனா? அழுதேன்! ஆடினேனா? உஷாராணி தடுக்கத் தடுக்க ஆடினேன்!

என்ன கந்தப்பண்ணா, சத்தமாகச் சொல்லுங்கள். "கை வலிச்சா தறி ஓட்டறது ஆரப்பா?" என்கிறீர்களா? ரெண்டு நாள் தறிக்கு லீவு உடுங்கண்ணா! உங்கள் மகன் நிலவனுக்கு வருகிற தையில் கல்யாணம். நீங்கள் எந்தக் கூண்டில் இருந்து பார்க்கப் போகிறீர்கள்?

அட, எழுந்துவிட்டாரே! கோபித்துக்கொண்டு எங்கே போகிறார்? வாசல் வலப்பக்கம் அல்லவா? இவர் இடப்பக்கம் திரும்புகிறார். தாய்மார்களே, அது டாக்டரம்மா இன்று நமக்கு ஊசி போட ஏற்பாடு செய்திருக்கும் அறை! சீட்டு கையில் இருக்கிறது! பொத்தானைக் கழற்றுகிறார்!

இதற்குமேல் நான் என்ன பேச? எனக்குப் பொன்னாடை வேண்டாம். உங்கள் கைதட்டல் அவருக்குப் போகட்டும். கேட்ட காதுகளுக்கு நன்றி, நீட்டப்போகும் கைகளுக்கு வணக்கம்!

அண்ணா, இருங்க, தொணைக்கு நானும் வாரேன்!