மூடி வட்டமாக இருந்தது

பெரணி இலையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் தம்பி அப்படிப்பட்டவன்தான். இருவரும் ஒரே தாவர ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் மூத்தவன், பதவியிலும்.

பெரணிக்குப் பூ கிடையாது. இலையின் அடியில் வித்துகள் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மெல்லிய மூடி. பாறை விளிம்பில் வளரும் ஒரு பெரணியை, மூடியைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்து, புதிய இனம் என்று அறிவித்திருந்தேன். அதற்கு என் பெயரையே வைத்தார்கள். மூடி அவரைக்கொட்டை வடிவில் இருந்தால்தான் அது புதிது. வட்டமாக இருந்தால் எங்கும் முளைக்கிற பழைய சங்கதி.

"வட்டமாத்தான் இருக்கும்ணே. நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு நாள் கழித்து, "மூடியோட ஒரு இலை கொண்டா. தப்புன்னு நானே ஒத்துக்கறேன்," என்றேன். நியாயமான பேச்சுதானே, இன்ஸ்பெக்டர் ஐயா. வித்து முதிர்ந்தால் மூடி உதிர்ந்துவிடும், மழை ஓய்வதற்குள் போ என்றும் சொன்னேன். அதுவும் உண்மை.

அதற்கு முன்பே நான் அந்தப் பாறையில் ஏறிப் பார்த்துவிட்டேன். விளிம்புப் பாறை என் காலடியில் ஆடியது. அவனிடம் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை. நான் பறித்து வந்த இலையைத்தான் நீங்கள் என் மேசை இழுப்பறையில் எடுத்தீர்கள். மூடி வட்டம்.

அவனைத் தனியாக விட மனம் வரவில்லை, பின்னாலேயே போனேன். பாறை பெயர்ந்து அவன் கீழே விழுந்தான். இறங்கிப் பார்த்தேன், உயிர் இருந்தது. "அண்ணே, கையக் குடு," என்றான். சட்டைப் பையில் இலை கசங்கிக் கிடந்தது. எடுத்து, மூடிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினேன். அவசரப்பட்டால் இலை கிழிந்துவிடும். முடித்து நிமிர்ந்தபோது அவன் பேசவில்லை.

விழுவான் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். ஆள் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்பதும் தெரியும்.

அடுத்து நான் கண்டுபிடிக்கிற பெரணிக்கு அவன் பெயரைத்தான் வைக்கப்போகிறேன். கூடப் பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன அண்ணன்?