கணக்கில் வராத பந்துகள்

எங்கள் பேஸ்பால் அணியின் பேருந்தில் எல்லோருக்கும் ரொட்டி தடவிக் கொடுப்பது நான்தான். ஒரு பக்கம் வேர்க்கடலை வெண்ணெய், மறுபக்கம் திராட்சை ஜாம். பதினேழு வருஷமாகச் செய்கிறேன், யாரும் கேட்டுச் செய்யவில்லை. பத்து மணி நேரம் உட்கார்ந்தே போகிற பையன்களுக்கு வயிறு நிறைந்தால்தான் தூக்கம் வரும். இடது கையால் தடவுவேன். என் வலது கை தோளுக்கு மேலே எழும்பி முப்பது வருஷம் ஆகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நீங்கள் இருவரும் என்னைக் கல்நெஞ்சக்காரன் மாதிரி பார்க்கிறீர்கள். பிரோடி ஹஸ்க்கின் முழங்கை எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

பிரோடி நெப்ராஸ்காவில் பன்றி வளர்ப்பவரின் மகன். போன வருஷம் இங்கே வந்தபோது பத்தொன்பது வயது. கடைசி இன்னிங்ஸில் இறங்கிப் பந்து வீசுவது அவன் வேலை. தொண்ணூற்றெட்டு மைல் வேகத்தில் எறிந்துவிட்டு, கொட்டாவி விட்டவன் மாதிரி நிற்பான். வந்த முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இவன் இந்தக் கீழ் லீக்கில் கிடக்கிற ஆள் இல்லை, மேலே போய்விடுவான் என்று. பெரிய லீக்கில் ஒரே ஒரு பந்து வீசினாலும் போதும், சாகும்வரை அவன் பெரிய லீக்காரன். அதற்காகத்தான் இந்த அயோவா சோளக்காட்டு நடுவில் இருபத்தைந்து பேர் ரொட்டி தின்றுகொண்டு காத்திருக்கிறார்கள்.

நானும் காத்திருந்தவன்தான். ஒரு கோடையில் என்னைத் தொடர்ந்து பதினோரு நாள் இறக்கினார்கள், பன்னிரண்டாம் நாள் கை போயிற்று. விளக்கம் கேட்டு யாரும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது உங்கள் விதிக்கு வருகிறேன். ஓர் ஆட்டத்தில் இருபது பந்துக்கு மேல் கூடாது, மறுநாள் ஓய்வு. விதியைக் காப்பாற்றினால் கணினியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கட்டம், மீறினால் சிவப்பு. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சிவப்பு வந்ததில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரலில் பந்து வீச்சாளர்களின் கைகளைச் சிறப்பாகப் பேணியவர் என்று எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்பினீர்கள். குளியலறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஆனால் இறங்குமுன் கை சூடேற்ற வேண்டும். மைதானத்து ஓரத்தில் கம்பிவேலிக்குள் அதற்கென்று ஓர் இடம் உண்டு, நாங்கள் பட்டி என்போம். அது என் பொறுப்பு. பட்டிக்குள் வீசுகிற பந்தை யாரும் எண்ணுவதில்லை. இந்த ஓட்டையை நான் போடவில்லை, உங்கள் விதியிலேயே இருந்தது. பெஞ்சிலிருந்து பிரோடியை எழுப்பி முப்பது பந்து வீசச் சொல்வேன், உட்காரச் சொல்வேன், மறுபடி எழுப்புவேன். ஓய்வு நாளிலும்தான். உழைக்காத கை உருப்படுமா?

பட்டியில் அவன் பந்தைப் பிடிப்பவன் அனிபால். டொமினிக்கன் தீவுக்காரன், வாயாடி.

"கோச், பையனுக்கு இன்னைக்கு லீவுதானே?"

"லீவுதான். ஆட்டத்துல இறக்கலையே."

"என் உள்ளங்கை பன் மாதிரி வீங்கிடுச்சு. பிடிக்கிற எனக்கே இப்படின்னா, போடுறவனுக்கு?"

"உனக்கு வயசாயிடுச்சுப்பா. ஐஸ் வை."

ஜூனில் பிரோடியே வந்து, முழங்கை சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றான். நான் கோபிக்கவில்லை. கட்டத்தைத் திறந்து காட்டினேன்.

"என்ன கலர்?"

"பச்சை, கோச்."

"அப்புறம் என்ன?"

அவன் சிரித்தான். "என் கையைப் பத்தி என்னைவிட இதுக்குத்தான் நல்லாத் தெரியும் போலிருக்கு." நல்ல பையன். எதிர்த்துப் பேசத் தெரியாது.

ஜூலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். நான்கு தடவை எழுப்பினேன். நான்காவது தடவை பீன்ஸை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிரோடி மண்டிபோட்டு உட்கார்ந்து, தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அனிபால்தான் என்னைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ சொன்னான். அர்த்தம் கேட்கவில்லை. அன்று பிரோடி வீசியதாகப் பதிவான பந்துகள் சைபர். பச்சைக் கட்டம்.

எனக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மத்தியானமே மேனேஜர் ஓட்டிஸ் பட்டிக்குப் போன் செய்தார்.

"வெர்ன், பையனை மேல கூப்பிட்டாச்சு. நாளைக்குக் காலைல விமானம். ஆட்டம் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன், நீ வாயைத் திறந்துடாதே. இன்னைக்கு அவனை இறக்க வேண்டாம்."

"இறக்கல, ஓட்டிஸ்."

வாயும் திறக்கவில்லை, இறக்கவும் இல்லை. மேலே போகிறவன் முகத்தில் ஷேவிங் கிரீமை அப்புவது எங்கள் வழக்கம். உடை மாற்றும் அறையில் தட்டு நிறைய நுரையோடு ஓட்டிஸ் காத்திருந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

யாரைத் தயார் செய்ய வேண்டும் என்று மேனேஜர் சொல்கிற பட்டிப் போனில் மணி கிடையாது, அழைப்பு வந்தால் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு என் முகத்துக்கு நேரே மூலையில், எனக்கு மட்டும்தான் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு அது எரியவே இல்லை. நான்கு தடவையும் நானாகத்தான் போனை எடுத்தேன். "சரி, தயார் பண்றேன்" என்று அதனிடம் சொன்னேன். "எழுந்திரு, பிரோடி" என்று இவனிடம் சொன்னேன். மூன்று தடவை சிரித்துக்கொண்டே எழுந்தான்.

நான்காவது தடவை, "கோச், நிஜமாவே என்னை இறக்கப் போறாங்களா?" என்று கேட்டான்.

"போன்ல கேட்டுட்டேன்ல. எழுந்திரு."

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. எழுதுங்கள். மேலே அவனை யாருக்குத் தெரியும்? வலி என்றால் எவன் காது கொடுத்துக் கேட்பான்? இங்கே நான் இருந்தேன்.

நரம்பும் சேர்ந்து போனதால் பிரோடியின் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்குவதில்லை. கிளப் இரக்கப்பட்டு, மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருக்கிறது. பேருந்தில் என் பக்கத்து இருக்கையில்தான் வருகிறான். போன வாரத்திலிருந்து ரொட்டி தடவ உதவுகிறான். இடது கைக்கு இன்னும் பழகவில்லை, வெண்ணெயை ஓரமெல்லாம் ஈஷி வைக்கிறான். பரவாயில்லை, நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன்.